கர்ப்பப்பையில் தொடங்கி இதயம் வரை போகும் ஒரு ‘சாதாரணக் கட்டி’



இந்த மாத மருத்துவப் பாடத்தை ஒரு தவறிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தவறு வேறு யாருடையதும் அல்ல. நம் மருத்துவ உதவிக் குழுவுடையது. அதிலும் பெரும்பங்கு செயலாளராகிய என்னுடையது.

சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பம் வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு சகோதரி. சில ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்று சொல்லி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள் என்று அவருடைய கணவர் எழுதியிருந்தார். கூடவே ஒரு மருத்துவமனைச் சீட்டு. அதில் ‘இன்ட்ராவீனஸ் லியோமயோமட்டோசிஸ்’ என்று நீளமாக ஒரு பெயர். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் என்று ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஃரிபுக்குப் பின் குழு கூடியது. கையிருப்பு குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். பொருளாளர் கேட்டார்: “கான்சரா பாய்?”

சீட்டைப் பார்த்தேன். அந்தப் பெயருக்குக் கீழே ‘புற்று அல்லாத கட்டி’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. “இல்லீங்க பாய், சாதாரணக் கட்டிதான்னு போட்டிருக்கு” என்றேன்.

“அப்ப டயாலிசிஸ் பையனுக்கு இந்த மாசம் குடுத்துருவோம். இத அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

எல்லோரும் சரி என்று தலையாட்டினோம்.

பத்து நாள் கழித்து அந்தக் கணவர் அலுவலக வாசலில் நின்றார். ஒளூச் செய்யக் குனிந்து நிமிர்ந்தபோது மனைவி மயங்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பழக்கமான ஓர் இதய அறுவை மருத்துவருக்கு போன் செய்து, சீட்டில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: “கட்டி நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது கேள்வி பாய். எங்க இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி. அது இதயத்துக்குள்ள இருக்கு. அடுத்த மாசம்னு தள்ளாதீங்க.”

அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சகோதரி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பின் அந்த மருத்துவரிடமும், ஒரு மகப்பேறு மருத்துவரிடமும் பலமுறை உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இந்த நோய் வந்துவிடும் என்பதற்காக அல்ல. இது மிக மிக அபூர்வம். ஆனால் இதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் கோட்டை விடுவதற்கான காரணங்கள் நம் வீடுகளில் சர்வசாதாரணமாக இருக்கின்றன.

முதலில் ஃபைப்ராய்டு

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. கை கால் தசைபோல நாம் நினைத்தால் அசைகிற தசை அல்ல. தானாகச் சுருங்கி விரிகிற மென்தசை. பிரசவ வலி என்பது இந்தத் தசை சுருங்குவதுதான். இதே தசையில் ஓர் இடத்தில் மட்டும் செல்கள் அளவு மீறிப் பெருகி உருண்டையாகத் திரண்டால், அதுதான் ஃபைப்ராய்டு. டாக்டர்கள் எழுதும் பெயர் லியோமயோமா. பட்டாணி அளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். ஒன்றாகவும் இருக்கும், பத்தாகவும் இருக்கும்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கும் ஃபைப்ராய்டு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் வீட்டில் அழுகை வேண்டாம். பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன்கள்தான் இதற்குத் தீனி. மாதவிடாய் நின்ற பின் தீனி குறைகிறது, கட்டியும் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. பெரும்போக்கு, வயிற்றில் அழுத்தம், அடிக்கடி சிறுநீர், குழந்தைப்பேற்றில் சிக்கல் என்று தொல்லை கொடுத்தால்தான் வைத்தியம்.

இது புற்றுநோய் அல்ல. பக்கத்து உறுப்பை அரித்துத் தின்னாது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் ஒழுங்காக, அமைதியாக இருக்கும். ‘சாதாரணக் கட்டி’ என்று டாக்டர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான்.

குழாய்க்குள் இறங்கிய வேர்

மிகச் சிலருக்கு இதே சாதாரணக் கட்டி ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறது. கர்ப்பப்பையைச் சுற்றியிருக்கும் ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, அதன் உள்ளேயே நீளமாக வளரத் தொடங்குகிறது.

ரத்தக் குழாய்களில் இரண்டு வகை உண்டு. இதயத்திலிருந்து ரத்தத்தை உடலுக்குக் கொண்டுபோவது தமனி. உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. இந்தக் கட்டி சிரையைத்தான் தேர்ந்துகொள்கிறது. சிரையில் ரத்தம் போகும் திசை இதயத்தை நோக்கி. ஆகவே கட்டியும் அந்த ஓட்டத்தோடு இதயத்தை நோக்கியே நீள்கிறது.

நம் பள்ளிவாசல் ஹவ்ளுக்கு வரும் குழாயில் இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீர் மெலிந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். தோண்டிப் பார்த்தபோது மூலையில் நின்ற வேப்பமரத்தின் வேர், குழாயின் இணைப்பில் இருந்த சிறு விரிசல் வழியாக உள்ளே போயிருந்தது. நுழைந்த இடத்தில் நூல்போல இருந்தது, உள்ளே பத்தடிக்கு வால்போல நீண்டிருந்தது. குழாயின் சுவரில் அது எங்கும் ஒட்டவில்லை. தண்ணீரில் மிதந்துகொண்டே வளர்ந்திருந்தது. பிளம்பர் அதை முழுசாக உருவி எடுத்து வெளியே போட்டார். மருத்துவர் இந்தக் கட்டியை விளக்கியபோது எனக்கு அந்த வேர்தான் ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். “கிட்டத்தட்ட அதேதான்” என்றார். இந்தக் கட்டியும் பெரும்பாலும் தொடங்கிய இடத்தில்தான் பற்றிக்கொண்டிருக்கும். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பான கயிறுபோல ரத்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

போகும் வழி இரண்டு. ஒன்று, கர்ப்பப்பைச் சிரையிலிருந்து இடுப்புச் சிரைகளுக்குப் போய், அங்கிருந்து கீழ்ப் பெருஞ்சிரைக்குள் ஏறுவது. முதுகெலும்பை ஒட்டி வயிற்றின் பின்பக்கமாக மேலே போகும் பெரிய குழாய் இது. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம். கால், இடுப்பு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றின் ரத்தமும் இதில் சேர்ந்துதான் இதயத்துக்குப் போகிறது. இன்னொரு வழி சினைப்பைச் சிரை. வலது பக்கத்துச் சினைப்பைச் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேரும். இடது பக்கத்தது சிறுநீரகச் சிரையைச் சுற்றிக்கொண்டு சேரும். எப்படிப் போனாலும் முடிவில் வந்து சேரும் இடம் இதயத்தின் வலது மேலறை. அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கும், சிலருக்கு நுரையீரலுக்குப் போகும் குழாய் வரைக்கும் கூட எட்டியிருக்கிறது.

இப்படி ஒன்று உண்டு என்று முதலில் எழுதியவர் பிர்ச்-ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1896-இல். கட்டி இதயம் வரை போவதை 1907-இல் டியூர்க் என்பவர் பதிவு செய்தார். கட்டி எங்கே பிறக்கிறது என்பதில் அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சி. சிரையின் சுவரிலும் மென்தசை இருக்கிறதே, அதிலிருந்தே பிறக்கிறது என்றார் 1903-இல் நாவர். இல்லை, கர்ப்பப்பையில் இருக்கும் ஃபைப்ராய்டுதான் சிரைக்குள் புகுகிறது என்றார் 1911-இல் ஸிட்சன்ஃப்ரை. நூறாண்டுக்கு மேலாகியும் இந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு வரவில்லை. இரண்டும் நடக்கலாம் என்பவர்களும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் உலக மருத்துவ ஏடுகளில் பதிவானவை சில நூறு நோயாளிகள்தான். ஃபைப்ராய்டு உள்ள கோடிக்கணக்கான பெண்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்பது தெரியும்.

யாருக்கு வருகிறது, எப்படித் தெரிகிறது

பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்கும் பெண்கள், மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்கள், பிள்ளை பெற்றவர்கள். இவர்களில் கணிசமானோருக்கு ஏற்கெனவே ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் நடந்திருக்கும். கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், கர்ப்பப்பையையே எடுத்திருக்கலாம். “அதுதான் எடுத்தாச்சே” என்ற எண்ணம் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. கர்ப்பப்பையை எடுக்கும்போதே சிரைக்குள் ஒரு துணுக்கு போயிருந்தால், கர்ப்பப்பை போன பின்னும் அது வளரும். சினைப்பையை விட்டுவைத்திருந்தால் அதற்கான ஹார்மோன் தீனியும் நிற்பதில்லை. முதல் ஆபரேஷனுக்கும் இதயத்தில் தொல்லை தெரிவதற்கும் இடையே சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடக் கழிந்திருக்கின்றன.

இதற்காக ஃபைப்ராய்டு உள்ளவர்கள் பயந்துபோய்க் கர்ப்பப்பையை எடுத்துவிட ஓட வேண்டியதில்லை. அப்படி ஓடுகிற வழக்கம் ஏற்கெனவே நம்மிடம் அதிகம். “பிள்ள பெத்து முடிச்சாச்சு, எதுக்கு வச்சிக்கிட்டு” என்று மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் அல்ல அது.

தொடக்கத்தில் தனி அறிகுறி எதுவும் இருக்காது. இருந்தாலும் ஃபைப்ராய்டின் தொல்லைகளாகவே இருக்கும். பெருஞ்சிரை அடைபடத் தொடங்கினால் கீழிருந்து வரும் ரத்தம் தேங்குகிறது. இரண்டு காலும் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், கல்லீரல் பெருக்கும். இதயத்துக்குள் போய்விட்டால் மூச்சுத் திணறல், படபடப்பு, நெஞ்சில் அடைப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டியின் நுனி வால்வுக்குள் போய்ப்போய் வரும். சில வேளை வாசலிலேயே அடைத்துக்கொள்ளும். அப்போது ரத்தம் நுரையீரலுக்குப் போகாது, ஆள் மயங்கி விழுவார். குனிந்து நிமிரும்போது, படுத்து எழும்போது மயக்கம் வருவது இதனால்தான். திடீரென உயிர் போனவர்களும் உண்டு. புற்று அல்லாத கட்டி ஒன்று உயிரை எடுப்பது இப்படித்தான்: வாசலில் நின்றுகொண்டு வழிமறிப்பதன் மூலம்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பெண்களுக்கு மூச்சு வாங்கினால் அதற்கு இந்த நோய் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்போக்கினால் வந்த ரத்தசோகை, ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சாதாரண இதயக் கோளாறு, இவைதான் பெரும்பாலும் காரணம். அதற்காகவும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

“வேற ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கா?”

இந்தப் பாடத்தில் நான் அதிகம் எழுத விரும்புவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

மூச்சு வாங்குகிறது என்று இதய மருத்துவரிடம் போகிறோம். எக்கோ எடுக்கிறார். வலது மேலறையில் ஏதோ ஆடிக்கொண்டிருப்பது தெரிகிறது. அது மூன்று நான்கு பொருளாக இருக்கலாம். ரத்தம் உறைந்து கட்டியாகி நிற்கலாம். மிக்ஸோமா என்ற இதயத்திலேயே பிறக்கும் கட்டியாக இருக்கலாம். சிறுநீரகப் புற்று, கர்ப்பப்பையின் சில புற்றுகள் பெருஞ்சிரை வழியாக ஏறி வந்ததாக இருக்கலாம். அல்லது நாம் பேசும் இந்தக் கட்டி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ரத்த உறைவு என்று நினைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தால், தசையால் ஆன இந்தக் கட்டி கரையாது, நாள்தான் போகும். மிக்ஸோமா என்று நினைத்து நெஞ்சைத் திறந்தால், உள்ளே இருப்பது இடுப்பிலிருந்து ஏறி வந்த ஒரு நீண்ட கயிற்றின் நுனி என்று ஆபரேஷன் மேசையில்தான் தெரியவரும். அப்படித் தெரியவந்த சம்பவங்களை மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பிரித்தறிய இதய மருத்துவர் கையில் இருக்கும் எளிய கருவி ஒரு கேள்வி: “இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்காம்மா?”

நம் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யார்? கணவர், அல்லது மகன். டாக்டர் ஆண். பக்கத்தில் நர்ஸ், கம்பவுண்டர், அடுத்த நோயாளி. கர்ப்பப்பை என்ற சொல்லை அங்கே எப்படிச் சொல்வது? “இல்லீங்க டாக்டர்” என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் துணிந்தவர், “வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்” என்பார். டாக்டர் அப்பெண்டிக்ஸ் என்று எழுதிக்கொள்வார். மகனுக்கோ அம்மாவுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்பதே தெரியாது. அவனிடம் யாரும் சொன்னதில்லை. நமது சகோதரியின் விஷயத்திலும் முதல் இரண்டு இடங்களில் இதுதான் நடந்தது. அந்தக் கணவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் முணுமுணுத்திருப்பேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் டாக்டர், கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தச் சகோதரியிடம் நேராகக் கேட்டார். அவர் சொன்னார். உடனே வயிற்றையும் இடுப்பையும் சேர்த்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பிலிருந்து இதயம் வரை ஒரே கோடாக அது தெரிந்தது.

நோயைச் சொல்வதில் வெட்கம் இல்லை. பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். பார்ப்பதற்கே அனுமதி இருக்கும்போது சொல்வதற்கு என்ன தடை?

ஸ்கேனைப் பற்றி இரண்டு வரி. ரத்த உறைவுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. ஆகவே சிரையில் ஏற்றும் சாயம் அதற்குள் போகாது. கட்டிக்குள் சிறு ரத்தக் குழாய்கள் இருப்பதால் சாயம் ஏறி ஒளிரும். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் இப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாம் சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது உண்மையான உறைவு உள்ளவர்களுக்கு உயிர்காக்கும் மருந்து.

வைத்தியம்

மாத்திரையால் மட்டும் இது போகாது. முழுதாக எடுப்பதுதான் வைத்தியம். இதயம் வரை போயிருந்தால் அது ஒரு டாக்டர் செய்கிற ஆபரேஷன் அல்ல. இதய அறுவை மருத்துவர், ரத்தக் குழாய் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர் என்று ஒரு கூட்டமே நிற்க வேண்டும். இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றவிட்டு, வலது மேலறையைத் திறந்து, தேவைப்பட்டால் உடலைக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி, கட்டியை உருவி எடுக்கிறார்கள். இடுப்பில் அதன் வேர் இருக்கும் பகுதியும், கர்ப்பப்பை இருந்தால் அதுவும், பெரும்பாலும் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்படும். சிலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்கிறார்கள். நோயாளி தாங்க மாட்டார் என்றால் முதலில் இதயம், சில வாரம் கழித்து வயிறு என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். ரத்தம் நிறையத் தேவைப்படும். நமது சகோதரிக்கு மஹல்லா இளைஞர்கள் ஸுப்ஹுக்குப் பின் வேன் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்து வந்தார்கள். அவர்கள் பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை.

முழுதாக எடுத்துவிட்டால் பலன் நன்றாக இருக்கிறது. உள்ளே மிச்சம் விடப்பட்டால் மீண்டும் வளரக்கூடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு முறையாக ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகளைச் சிலருக்குக் கொடுப்பதும் உண்டு. சினைப்பைகள் எடுக்கப்பட்டவருக்கு உடம்பில் திடீர் சூடு, வியர்வை, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு வரும். அதற்காகத் தானாக ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது விட்டுப்போன துணுக்குக்குத் தீனி போடுவதாகிவிடலாம். ஃபைப்ராய்டு இருக்கும் சகோதரிகள் உம்ராவுக்குப் போகும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவதும் வேண்டாம்; டாக்டரிடம் கட்டி இருப்பதைச் சொல்லி, அவர் சொன்னால் சாப்பிடுங்கள்.

உதிரப்போக்கும் தொழுகையும்

நம் பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் அதிகம் வரும் கேள்வி, “எத்தனை நாள் வரை தொழுகையை விட வேண்டும்?” என்பது. ஹைளின் உச்ச அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள், ஹனஃபியில் 10 நாட்கள். அதற்கு மேல் போனால் இஸ்திஹாளா, தொழ வேண்டும். சட்டம் கிடைத்ததும் கேட்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆனால் பதினைந்து நாளைத் தாண்டிப் போகும் உதிரம் ஃபிக்ஹுக் கேள்வி மட்டும் அல்ல, மருத்துவக் கேள்வியும்தான்.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) தமக்கு உதிரம் நிற்பதே இல்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தியை மதரஸாவில் ஓதியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது மாதவிடாய் அல்ல, ‘இர்க்’ அதாவது ஒரு ரத்த நாளத்திலிருந்து வருவது என்று அண்ணலார் விளக்கினார்கள். அந்த ஹதீஸ் நான் மேலே எழுதிய நோயைத்தான் சொன்னது என்று இழுத்துக் கட்ட மாட்டேன். அப்படிச் செய்வது ஹதீஸுக்கும் நல்லதல்ல, மருத்துவத்துக்கும் நல்லதல்ல. மாதப் போக்கு வேறு, நோயினால் வரும் போக்கு வேறு என்ற பிரிவு அதில் இருக்கிறது. அந்தப் பிரிவே டாக்டரிடம் போவதற்குப் போதுமான காரணம். இப்போது நம் ஆலிமா, சட்டம் சொல்லி முடித்ததும், “ஸ்கேன் எடுத்தீங்களா?” என்று தாமாகவே கேட்கிறார்.

அலமாரியில் ஒரு கவர்

கட்டியோ கர்ப்பப்பையோ எடுக்கப்பட்டால் அதை பயாப்சி பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர சில நாளாகும். அதற்குள் நாம் டிஸ்சார்ஜ் ஆகி வந்துவிடுவோம், திரும்பப் போய் வாங்குவதில்லை. “தையல் பிரிச்சாச்சு, இனி எதுக்கு?” என்று விட்டுவிடுகிறோம். கட்டி ரத்தக் குழாய்க்குள் எட்டிப் பார்த்திருந்தால் அதைச் சொல்லும் முதல் காகிதம் அதுதான். நமது சகோதரியின் முதல் ஆபரேஷன் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி அலைந்தோம், கிடைக்கவில்லை. வாங்கவே இல்லை என்று பின்னர் தெரிந்தது. அதில் ஏதாவது எழுதியிருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், மூன்றையும் ஒரு கவரில் போட்டு வீட்டில் பத்திரமாக வையுங்கள். மழைக்கு ஒழுகாத இடமாக இருக்கட்டும். ரேஷன் கார்டும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் அதே கவரில் இருந்தால் அவசரத்தில் தேட வேண்டியதில்லை. என்ன ஆபரேஷன் நடந்தது, சினைப்பையை எடுத்தார்களா விட்டார்களா என்பது அந்தப் பெண்ணுக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் ‘நோயின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஷஃபான் மாதம் முதல் அதன் கீழே இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: ‘தாமதித்தால் என்ன ஆகும்? டாக்டர் எழுதவும்.’ பழைய படிவம் வைத்திருப்பவர்கள் அசருக்கும் மஃரிபுக்கும் இடையே அலுவலகத்துக்கு வந்து புதியதை வாங்கிக்கொள்ளலாம். பெண்கள் நேரில் வர வேண்டியதில்லை. ஆலிமாவிடமும் படிவங்கள் கொடுத்து வைத்திருக்கிறோம்.

அந்தச் சகோதரிக்கு இரண்டாவது மறுபரிசோதனை ஸ்கேன் வரும் மாதம். சென்ற முறை எடுத்ததில் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை அவருடைய கணவர் நம் அலுவலகக் கோப்பிலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.